ஃபைல் ஓப்பன் ஆகுது, படம் ஏன் கறுப்பா இருக்கு?

போன டிசம்பர் லீவுல நாங்க நாலு பேர் ஆனைமலை பக்கம் ஒரு ஃப்ரெண்டோட தோட்டத்துச் சாலைக்குப் போயிருந்தோம். ஓரியன் நெபுலாவை போட்டோ எடுக்கணும், அதுதான் பிளான். கோயம்புத்தூர் ஹாஸ்டல் மொட்டை மாடியில ராத்திரி நிமிர்ந்து பார்த்தா வானம் ஆரஞ்சு கலர்ல தெரியும், நட்சத்திரம் கைவிரல்ல எண்ணிடலாம். தோப்புக்கு நடுவுல, தேங்காய் காயப்போடுற களத்துல டிரைபாட் வெச்சு நின்னப்போ மூணு பேருக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரல. (நாலாவது ஆள் பாம்பு வருமான்னு கீழேயே பார்த்துட்டு இருந்தான்.)

கேமரா ஒரு சீனியர்கிட்ட இரவல் வாங்கின கேனான் 1500டி, கூடவே 50 எம்எம் லென்ஸ். நட்சத்திரத்தைத் துரத்திக்கிட்டுத் திரும்புற மோட்டார் எதுவும் எங்ககிட்ட இல்லை. அதனால ஒவ்வொரு ஷாட்டும் 4 செகண்ட்தான். அதுக்கு மேல போனா பூமி சுத்துறதுல நட்சத்திரம் கோடா இழுத்துடும். அப்படி 600 ஷாட் எடுத்தோம்.

காலையில லேப்டாப்ல சிரில் போட்டு முதல் ஃபைலைத் திறந்தா முழுக்க கறுப்பு. அடுத்ததும் கறுப்பு. ஃப்ரெண்டோட அப்பா காபி டம்ளரோட பின்னாடி வந்து நின்னு எட்டிப் பார்த்தார். "ஏங்கண்ணு, ராத்திரி பூரா பனியில நின்னீங்களே, ஒண்ணுமே வுழுகலையா?" எங்களுக்கு அழுகையே வந்துடுச்சு.

உண்மையில எல்லாமே விழுந்திருந்தது. படத்தைத் திறக்கிறது வேற, பார்க்கிறது வேறன்னு எங்களுக்குத் தெரியல, அவ்வளவுதான். இந்தக் கட்டுரை அதைப் பத்தித்தான். ஆஸ்ட்ரோ கிளப்ல புதுசா சேர்ந்திருக்கிற ஜூனியர்ஸ், இமேஜ் பிராசசிங் மினி பிராஜெக்ட் எடுத்தவங்க ரெண்டு பேருக்கும் உதவும்.

முதல்ல அந்தக் கறுப்பு. கேமரா சென்சார் ஒவ்வொரு பிக்சல்லயும் விழுற வெளிச்சத்தை ஒரு எண்ணா மாத்துது. எங்க கேமராவுல அது 14 பிட், அதாவது 0 முதல் 16383 வரை. வெளிச்சம் இரண்டு மடங்கானா எண்ணும் இரண்டு மடங்காகும். இதைத்தான் லீனியர் டேட்டான்னு சொல்றாங்க. ஆனா நம்ம கண்ணும், மானிட்டரும் அப்படி வேலை செய்றதில்லை. மங்கலான பகுதியில இருக்கிற சின்ன வித்தியாசத்தைக் கண்ணு பெருசாக் காட்டும், ரொம்ப வெளிச்சமான பகுதியில பெரிய வித்தியாசத்தையும் கண்டுக்காது. போன்ல எடுக்கிற சாதாரண ஜேபெக்ல, நம்ம கண்ணுக்குப் பிடிச்ச மாதிரி மங்கலான பகுதியை மேல தூக்கிவிடுற ஒரு வளைவை கேமராவே போட்டுத் தந்துடுது. ரா ஃபைல்ல அந்த உபகாரம் கிடையாது. போதாததுக்கு, 14 பிட் எண்ணை 16 பிட் டப்பாவுக்குள்ள அப்படியே வெச்சா, சென்சாரால பார்க்க முடிஞ்ச உச்ச வெளிச்சம்கூட அந்த டப்பாவுல கால்வாசி உயரம்தான். நெபுலா அதுக்கும் ரொம்பக் கீழ, தரையோட தரையா கிடக்கும்.

சிரில்ல கீழ டிஸ்ப்ளே மோட்னு ஒரு பெட்டி இருக்கும். அதுல லீனியர்னு இருக்கிறதை ஆட்டோஸ்ட்ரெச்னு மாத்தினோம், அவ்வளவுதான். திரை முழுக்க நட்சத்திரம். நடுவுல ஓரியனோட வாளுக்குப் பக்கத்துல ஒரு மங்கலான பூ மாதிரி நெபுலா. அப்பா காபியை எங்ககிட்டயே குடுத்துட்டு உட்கார்ந்து பார்க்க ஆரம்பிச்சார். டிஎஸ்9 பயன்படுத்துறவங்களுக்கு இதே வேலையை ஸ்கேல் மெனுவுல இருக்கிற லாக், இஸட்ஸ்கேல் ரெண்டும் செய்யும்.

இங்க ஒரு குழி இருக்கு, முக்கால்வாசிப் பேர் விழுவாங்க. ஆட்டோஸ்ட்ரெச் மாத்துறது நீங்க பார்க்கிற காட்சியை மட்டும்தான், உள்ளே இருக்கிற எண்களை அது தொடவே தொடாது. "ஆஹா சூப்பரா வந்துடுச்சு"ன்னு அப்படியே ஜேபெக்கா சேவ் பண்ணி குரூப்ல போட்டா மறுபடியும் கறுப்பா போகும். எண்களையே மாத்தணும்னா ஹிஸ்டோகிராம் டிரான்ஸ்ஃபர்மேஷன் பண்ணி அப்ளை கொடுக்கணும். அதையும் எல்லா வேலையும் முடிஞ்ச பிறகு, கடைசியா.

இப்போ எங்களோட நிஜமான சோகத்துக்கு வர்றேன். சீனியர் கொடுத்த மெமரி கார்டு 16 ஜிபி. அதுல பாதிக்கு மேல அவரோட அண்ணன் நிச்சயதார்த்த போட்டோ. அதை அழிக்க எங்களுக்குத் தைரியம் இல்லை. ரா ஃபைல் ஒண்ணு கிட்டத்தட்ட 30 எம்பி வரும். 190 ஷாட் தாண்டினதும் கார்டு நிறையுதுன்னு கேமரா சொல்லிடுச்சு. நான் ரொம்ப புத்திசாலித்தனமா செட்டிங்ஸ்ல போய் ராவை ஜேபெக்கா மாத்திட்டேன். மீதி 410 ஷாட்டும் ஜேபெக்தான். யார்கிட்டயும் சொல்லவும் இல்லை. படம் படம்தானே, எக்ஸ்டென்ஷன் மாறினா என்ன ஆயிடப் போகுதுன்னு நினைச்சேன்.

சிரில் 190 ஃபைலை அழகா வரிசைப்படுத்துச்சு. 191வதுல முறைச்சுக்கிச்சு. காரணம் இதுதான். ரா ஃபைல்ல ஒரு பிக்சலுக்கு ஒரே ஒரு எண்தான். சென்சாருக்கு மேல சிவப்பு, பச்சை, நீலம் ஃபில்டர்கள் கோலப்புள்ளி மாதிரி பரப்பியிருக்கும். முதல் வரிசையில சிவப்பு-பச்சை, அடுத்த வரிசையில பச்சை-நீலம். இதுக்கு பேயர் அமைப்புன்னு பேர். பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து கலரை ஊகிக்கிற வேலையை சாஃப்ட்வேர் பின்னாடி செய்யும், அதுக்கு டிபேயர். ஜேபெக்ல அந்த வேலை கேமராவுக்குள்ளயே முடிஞ்சு, ஒரு பிக்சலுக்கு மூணு எண் வந்துடும். ஒண்ணு ஒரு லேயர், இன்னொண்ணு மூணு லேயர். ரெண்டும் ஒரே வரிசையில சேராது.

சரி, ராவையும் டிபேயர் பண்ணி மூணு லேயர் ஆக்கிட்டா? லோட் ஆகும். ஆனா ஒரு பக்கம் லீனியர் எண்கள், இன்னொரு பக்கம் கேமரா வளைச்சு, ஷார்ப் பண்ணி, நாய்ஸ் குறைச்சு, 0 முதல் 255க்குள்ள அமுக்கின எண்கள். ரெண்டையும் சராசரி எடுத்தா வர்றது எதோட சராசரி? கிலோவையும் லிட்டரையும் கூட்டின மாதிரிதான்.

டார்க் ஃப்ரேமுக்கும் இதே கதைதான். லென்ஸை மூடி எடுக்கிற அந்தப் படங்களை, சென்சாரோட சொந்த இரைச்சலைக் கழிக்கிறதுக்குப் பயன்படுத்துறோம். அதுவும் அதே ஐஎஸ்ஓ, அதே செகண்ட், அதே ஃபார்மட்ல இருந்தாதான் கழித்தலுக்கு அர்த்தம். எங்க டார்க் எல்லாமே கடைசியில எடுத்தது. அதாவது எல்லாமே ஜேபெக்.

ஜேபெக் மேல எனக்குத் தனிப்பட்ட பகை ஒண்ணும் இல்லை. கல்யாண போட்டோவுக்கு அதைவிட நல்லது கிடையாது. ஆனா அது படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களா வெட்டி, ஒவ்வொரு கட்டத்துலயும் கண்ணுக்குப் பெருசா தெரியாத நுணுக்கங்களைத் தூக்கி எறிஞ்சுதான் சைஸைக் குறைக்குது. மங்கலான நட்சத்திரம்னா என்ன? ஒரு கட்டத்துக்குள்ள ரெண்டு மூணு பிக்சல்ல இருக்கிற சின்ன நுணுக்கம். ஜேபெக் பார்வையில அதுக்கும் இரைச்சலுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

நாம செய்ற ஸ்டாக்கிங்கோ அந்த நுணுக்கத்தை நம்பித்தான் இருக்கு. ஒரே இடத்தைப் பலமுறை எடுத்து சராசரி போட்டா, இரைச்சல் ஷாட் எண்ணிக்கையோட வர்க்கமூலம் அளவுக்குக் குறையும். 64 ஷாட்டுக்கு 8ல ஒரு பங்கு. அப்போ ஒற்றைப் படத்துல புதைஞ்சு கிடந்த ஒளி மேல வரும். சராசரியில தசம எண்கள் வர்றதால, ரிசல்ட்டை 32 பிட்ல வெச்சுக்கணும். 8 பிட்ல சேவ் பண்ணிட்டு பிறகு இழுத்துப் பார்த்தா நெபுலா படிக்கட்டு படிக்கட்டா தெரியும். 600 ஷாட்னு ஆரம்பிச்ச எங்க கணக்கு 190 ஷாட்ல முடிஞ்சுது. 40 நிமிஷ வெளிச்சத்துல மிஞ்சினது 13 நிமிஷத்துக்கும் குறைவு. டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு வைக்க வேண்டிய படம் அது. அடுத்த அமாவாசைக்கு எங்களுக்கு மாடல் எக்ஸாம்.

அப்போ வானியல்காரங்க எந்த ஃபார்மட்ல வெச்சிருக்காங்க? ஃபிட்ஸ். புள்ளி ஃபிட்ஸ், புள்ளி ஃபிட், புள்ளி எஃப்டிஎஸ்னு மூணு விதமா எக்ஸ்டென்ஷன் பார்ப்பீங்க, மூணும் ஒண்ணுதான். 1970கள் கடைசியில அமெரிக்காவுலயும் நெதர்லாந்துலயும் இருந்த தொலைநோக்கிகாரங்க டேட்டாவை மேக்னடிக் டேப்ல பரிமாறிக்க முடியாம தவிச்சாங்க. ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர், ஆளுக்கு ஒரு ஃபார்மட். அந்த எரிச்சல்ல பிறந்தது ஃபிட்ஸ். 1981ல பேப்பர் வந்தது, 1982ல சர்வதேச வானியல் ஒன்றியம் ஏத்துக்கிச்சு. நம்ம அப்பா அம்மா ஸ்கூல் போன காலத்து ஃபார்மட் இன்னைக்கும் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி வரைக்கும் ஓடுது. ஒருமுறை ஃபிட்ஸா இருந்த ஃபைல் என்னைக்கும் செல்லும்ங்கறது அதோட அடிப்படை விதி. புது வெர்ஷன் வந்தாலும் பழைய ஃபைலைச் செல்லாதுன்னு சொல்லக்கூடாது. இந்த ஒரு விதிக்காகவே வத்திக்கான் நூலகம் தன்னோட கையெழுத்துப் பிரதிகளை ஸ்கேன் பண்ணி ஃபிட்ஸ்ல வைக்குது. நம்ம ஓலைச்சுவடிக்கும் யாராவது யோசிக்கலாம்.

உள்ளே பார்த்தா ரொம்ப எளிமை. முன்னாடி ஒரு ஹெடர், வெறும் டெக்ஸ்ட். ஒவ்வொரு வரியும் சரியா 80 எழுத்து, பஞ்ச் கார்டு காலத்துப் பழக்கம். 36 வரி சேர்ந்தா 2880 பைட், அதுதான் ஒரு பிளாக். ஏன் 2880? அந்தக் காலத்து கம்ப்யூட்டர்கள் 16, 24, 32, 36, 60 பிட்னு ஆளுக்கு ஒரு அளவு வார்த்தை வெச்சிருந்தாங்க. 2880 பைட்டை இதுல எதால வகுத்தாலும் மீதி வராது. ஹெடர்ல பிட்பிக்ஸ்னு ஒரு வரி ஒரு எண்ணுக்கு எத்தனை பிட்னு சொல்லும். நாக்சிஸ் வரிகள் அகலம், உயரம் சொல்லும். எப்போ எடுத்தது, எத்தனை செகண்ட், எந்த ஃபில்டர், எல்லாம் அங்கேயே இருக்கும். எண்ட்னு ஒரு வரி வந்ததும் ஹெடர் முடியும். அந்த பிளாக்ல மீதி இடத்தை வெற்றிடமா நிரப்பிட்டு, அடுத்த பிளாக்லேர்ந்து எண்கள் ஆரம்பிக்கும்.

இவ்வளவு எளிமைன்னு நம்பி என் கிளாஸ்மேட் ஒருத்தன் மினி பிராஜெக்டுக்கு சொந்தமா சி மொழியில ஃபிட்ஸ் ரீடர் எழுதினான். முதல் தடவை வந்தது பழைய டிவியில சேனல் இல்லாதப்போ வர்ற புள்ளி மழை. ஃபிட்ஸ்ல பெரிய பைட் முதல்ல வரும், நம்ம லேப்டாப் பிராசசருக்குச் சின்ன பைட் முதல்ல. அதைத் திருப்பிப் போட்டதும் படம் வந்தது, ஆனா வானம் சாம்பல் கலர், நட்சத்திரத்துக்கு நடுவுல கறுப்பு ஓட்டை. இது பிஜீரோ கோளாறு. ஃபிட்ஸ் 16 பிட்னா குறி உள்ள எண், −32768 முதல் 32767 வரை. கேமரா தர்றதோ 0 முதல் 65535. அதனால எல்லா எண்லயும் 32768 கழிச்சு எழுதிட்டு, படிக்கிறப்போ திரும்பக் கூட்டிக்கோன்னு ஹெடர்ல பிஜீரோ வரியில சொல்லி வைப்பாங்க. அவன் அந்த வரியைப் படிக்காம, எண்களைக் குறி இல்லாததா எடுத்துக்கிட்டான். 1000 இருக்க வேண்டிய வானம் 33768 ஆச்சு, 40000 இருக்க வேண்டிய நட்சத்திரம் 7232 ஆச்சு. வைவாவுல இதை விளக்கினதுக்கே அவனுக்கு நல்ல மார்க்.

மூணாவதா படம் தலைகீழா வந்தது. ஃபிட்ஸ்ல முதல் பிக்சல் கீழ் இடது மூலையில இருக்கிறதா எடுத்துக்கிறது வழக்கம், கிராஃப் பேப்பர் மாதிரி. ஜேபெக், பிஎன்ஜி எல்லாம் மேலேர்ந்து ஆரம்பிக்கும். தலைகீழா இருந்தா என்ன, வானத்துல மேல் கீழ் ஏதுன்னு விட்டுடலாம். ஆனா டிபேயர் பண்ணாத கலர் கேமரா ஃபைலா இருந்தா விட முடியாது. படம் கவிழ்ந்தா கோலப்புள்ளியும் கவிழும். சிவப்பு-பச்சையில ஆரம்பிச்ச அமைப்பு பச்சை-நீலத்துல ஆரம்பிக்கும். சாஃப்ட்வேருக்கு இது தெரியலைன்னா கலர் எல்லாம் கன்னாபின்னான்னு வரும். நெபுலா பச்சையா வந்தா முதல்ல சந்தேகப்பட வேண்டியது இந்த பேயர் வரிசையைத்தான்.

ஜேம்ஸ் வெப் டேட்டாவை இறக்கிப் பார்க்கிற ஆசை எல்லாருக்கும் வரும். பைத்தான்ல ஆஸ்ட்ரோபை வெச்சு ஃபைலைத் திறந்து பூஜ்ஜியம் நம்பர் பகுதியைக் கேட்டா, நன்னு பதில் வரும். அதாவது ஒண்ணுமே இல்லை. பயப்படாதீங்க. ஒரு ஃபிட்ஸ் ஃபைலுக்குள்ள டிஃபன் கேரியர் மாதிரி பல அடுக்கு வைக்கலாம். அதுல மேல் அடுக்குல ஹெடர் மட்டும்தான் இருக்கும். படம் எஸ்சிஐங்கற அடுத்த அடுக்குல. அதுக்குக் கீழ ஒவ்வொரு பிக்சலுக்கும் பிழை அளவு, எந்தப் பிக்சலை நம்பக்கூடாதுங்கற பட்டியல்னு மத்த அடுக்குகள்.

நம்ம பக்கத்துலயே ஒரு பொக்கிஷம் இருக்கு. 1899ல ஆரம்பிச்ச கொடைக்கானல் சூரிய ஆய்வகம். சூரியப் புள்ளிகள்ல வாயு வெளிநோக்கிப் பாயுறதை எவர்ஷெட் 1909ல கண்டுபிடிச்ச இடம். 1904லேர்ந்து கண்ணாடித் தட்டுலயும் ஃபிலிம்லயும் சூரியனைப் படம் எடுத்து வெச்சிருக்காங்க. இந்திய வான் இயற்பியல் நிறுவனம் அதையெல்லாம் 4096க்கு 4096 பிக்சல், 16 பிட் சிசிடி வெச்சு டிஜிட்டல் ஆக்கி ஃபிட்ஸா வெச்சிருக்கு. ஒரு படம் கணக்குப் போட்டா 33 எம்பி. ஜேபெக்ல போட்டிருந்தா எத்தனையோ மடங்கு சின்னதா முடிஞ்சிருக்கும். ஆனா அந்தத் தட்டுல ஆராய்ச்சியாளர் தேடுறது ஒரு இடம் பக்கத்து இடத்தைவிட எவ்வளவு கறுத்திருக்குங்கற எண்ணை. நூறு வருஷ சூரியனை ஒரே அளவுகோல்ல ஒப்பிட அந்த எண் கெடாம இருக்கணும்.

ஹெடரோட மதிப்பு தெரியணும்னா சிறுகோள் தேடிப் பாருங்க. 1988 பிப்ரவரியில காவலூர்ல ஆர். ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடிச்சார். அதுக்கு 4130 ராமானுஜன்னு பேர். (கணித மேதை ராமானுஜன் பிறந்தது நம்ம ஈரோட்டுல. கும்பகோணத்துக்காரங்க மட்டும் சொந்தம் கொண்டாடினா விடாதீங்க.) அது தட்டுகளை வெச்சுத் தேடின காலம். இன்னைக்கு சர்வதேச வானியல் தேடல் கூட்டமைப்பு நடத்துற தேடல்ல காலேஜ் பசங்களுக்கே பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கியோட ஃபிட்ஸ் படங்களைத் தர்றாங்க. அஸ்ட்ரோமெட்ரிகாவுல நாலு படத்தை லோட் பண்ணி மாத்தி மாத்திக் காட்டினா நட்சத்திரங்கள் அசையாது, சிறுகோள் மட்டும் நகரும். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல இருக்கிறது மணிக்கு சுமார் 30 ஆர்க்செகண்ட் நகரும். எங்க இருந்ததுங்கறதோட எந்த நொடியில இருந்ததுங்கறதும் தெரிஞ்சாதான் அது அளவீடு. அந்த நொடி ஹெடர்ல டேட்-ஆப்ஸ் வரியில இருக்கு. பார்க்க வசதியா இருக்கட்டும்னு பிஎன்ஜியா மாத்தினா புள்ளி அப்படியே இருக்கும், நேரம் போயிடும். ரிப்போர்ட் அனுப்ப முடியாது.

மத்த ஃபார்மட்களைச் சுருக்கமா சொல்லிடறேன். டிஃப் நல்லதுதான், 16 பிட்டோ 32 பிட்டோ தாங்கும். ஸ்டாக்கிங் முடிஞ்சு கிம்ப்புக்குக் கொண்டு போக வசதி. ஆனா ஃபிட்ஸ் ஹெடர் வரிகள் கூட வரும்னு நம்பாதீங்க. சேவ் பண்றப்போ 8 பிட்ல டிக் இருக்கான்னும் பாருங்க. பிஎன்ஜியும் 16 பிட் தாங்கும், எதையும் தூக்கி எறியாது. எக்ஸ்ஐஎஸ்எஃப் வந்தா அது பிக்ஸ்இன்சைட்டோட சொந்த ஃபார்மட், அங்கேயே ஃபிட்ஸா மாத்தித் தரச் சொல்லுங்க. வியாழன், சனி எடுக்கிறவங்களுக்கு மட்டும் கதை வேற. அங்க வீடியோ எடுத்து ஆயிரக்கணக்கான ஃப்ரேம்ல தெளிவானதைப் பொறுக்கணும். அதுக்கு எஸ்இஆர்தான் சரி. அமுக்காத ஃப்ரேம், ஒவ்வொண்ணுக்கும் நேர முத்திரை. வியாழன் 10 மணி நேரத்துக்குள்ள ஒரு சுத்து சுத்திடும், அதனால அங்கயும் நேரம் முக்கியம். போன் எம்பி4ஐ மாத்திப் போட்டாலும் லோட் ஆகும், ஆனா அமுக்கினது அமுக்கினதுதான். 14 பிட் ரா எங்கேயாவது ஒரு இடத்துல 8 பிட் ஆச்சுன்னா, அப்புறம் 32 பிட் ஃபிட்ஸா சேவ் பண்ணினாலும் போன எண்கள் திரும்பாது. தண்ணி கலந்த பாலைப் பெரிய குண்டாவுல ஊத்தின கணக்கு.

எங்க 190 ஷாட்டை டார்க் இல்லாமலே ஸ்டாக் பண்ணினோம். நெபுலாவோட இறக்கை பாதி வரைக்கும் வந்தது, அதுக்கு மேல இரைச்சல். சிம்போசியத்துல அதைத்தான் மாட்டினோம், கீழ சின்ன எழுத்துல 190 x 4 செகண்ட்னு போட்டு. தோட்டத்துக்கு ஒரு பிரிண்ட் கொடுத்தோம், சாலைத் திண்ணையில காலண்டர் பக்கத்துல தொங்குது. அந்த 410 ஜேபெக்கும் என் ஹார்ட் டிஸ்க்ல இன்னும் இருக்கு. அழிக்க மனசு வரல. வரிசையா ஓட்டினா ஓரியன் தென்னை மரத்துக்குப் பின்னாடி மெதுவா இறங்குற டைம்லாப்ஸ் மட்டும் நல்லா வருது. கிளப் ரூமுக்கு வந்தா காட்டறேன். 64 ஜிபி கார்டு ஒண்ணு வாங்கி டிராயர்ல வெச்சிருக்கோம், கையெழுத்து போட்டு எடுத்துட்டுப் போங்க.